கலைக்கு ஒரு சேனல்: பணம் யார் தருவது?

இது ஒரு டம்ளர் டீ ஆறுவதற்குள் சொல்லி முடிகிற சங்கதி இல்லை. இரண்டாவது டம்ளருக்கும் இப்போதே சொல்லி வைத்துவிடுவோம்.

செய்திக்கு வரிசையாகச் சேனல்கள் இருக்கின்றன. பக்திக்கு இருக்கிறது, காமெடிக்கு இருக்கிறது, குழந்தைகளுக்கு இருக்கிறது, பொருள் விற்பதற்கென்றே இருக்கிறது. சங்கீதம், நடனம், நாடகம், ஓவியம் என்று கலைகளுக்காக மட்டும் நாள் முழுக்க ஓடுகிற சேனல் ஏன் நிலைப்பதில்லை? கேட்கிறவர்கள் பெரும்பாலும் பதிலையும் கையோடு கொண்டுவருகிறார்கள்: ஜனங்களுக்கு ரசனை போய்விட்டது. அதில் எனக்கு உடன்பாடு இல்லை. சபா வாசலில் டிக்கெட்டுக்கு நிற்கிறவர்களும், விடிய விடிய உட்கார்ந்து கூத்துப் பார்க்கிறவர்களும் எங்கும் போய்விடவில்லை. முடிச்சு வேறு எங்கோ விழுந்திருக்கிறது. அது எங்கே என்று பார்க்க அமெரிக்கா வரை போக வேண்டும். இந்தச் சோதனையைப் பெரும் பணம் போட்டு, ஒரே சமயத்தில் நான்கு பேர் செய்து பார்த்த இடம் அது.

முதலில் கேபிள் அங்கே எப்படி வளர்ந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். 1940களின் கடைசியில் மலைப்பக்கத்துச் சிற்றூர்களில் ஆன்டெனாவுக்கு டிவி சிக்னல் எட்டவில்லை. ஊரில் ஒருவர் உயரமான இடத்தில் பெரிய ஆன்டெனா நட்டு, அங்கிருந்து வீடு வீடாக ஒயர் இழுத்து, மாதம் இவ்வளவு என்று வாங்கினார். நம்மூர்க் கேபிள்காரரின் அமெரிக்க முன்னோர் இவர்தான். அவருக்கென்று தனி நிகழ்ச்சி எதுவும் கிடையாது. காற்றில் வருவதைப் பிடித்துக் கொடுப்பதோடு சரி. 1975 செப்டம்பர் கடைசியில் நிலைமை மாறியது. மணிலாவில் முகமது அலியும் ஜோ ஃபிரேசியரும் மோதிய குத்துச்சண்டையை எச்.பி.ஓ. நிறுவனம் செயற்கைக்கோள் வழியாகக் கேபிள் வீடுகளுக்குக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு டிஷ் வைத்திருக்கும் எந்தக் கேபிள்காரருக்கும், எங்கோ ஓர் ஊரில் இருந்துகொண்டு சேனல் அனுப்பலாம் என்றாயிற்று. விளையாட்டுக்கென்று ஈ.எஸ்.பி.என். 1979இல் வந்தது. செய்திக்கென்று சி.என்.என். 1980இல், பாப் பாட்டுக்கென்று எம்.டி.வி. 1981இல். ஒரு விஷயத்துக்கு ஒரு சேனல் என்ற எண்ணமே அப்போதுதான் பிறந்தது. கலைக்கும் ஒன்று இருக்கட்டும் என்று அதே வேகத்தில் தோன்றியதில் வியப்பில்லை.

வில்லியம் பேலி என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சி.பி.எஸ். என்ற பெரிய ஒலிபரப்பு நிறுவனத்தை 1928இலிருந்து கட்டி வளர்த்தவர். நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவின் கச்சேரிகளை 1930இலிருந்து ஞாயிறுதோறும் வானொலியில் நாடு முழுக்கக் கேட்க வைத்தது அவருடைய நிறுவனம். லெனர்ட் பெர்ன்ஸ்டைன் குழந்தைகளை எதிரே உட்கார வைத்து, சிம்பொனி என்றால் என்ன, ராகத்தை ஒத்த அவர்களுடைய ஸ்வர அமைப்புகள் எப்படி வேலை செய்கின்றன என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்த தொடரும் 1958இலிருந்து சி.பி.எஸ்.ஸில்தான் வந்தது. ஆனால் எழுபதுகளுக்குள் வழக்கமான ஒளிபரப்பில் ஒவ்வொரு மணி நேரமும் விளம்பரத்துக்கு இவ்வளவு என்று விலை ஏறிவிட, கச்சேரிகளுக்கு அங்கே இடம் சுருங்கிவிட்டது. கேபிளில் அந்த இடத்தைத் திரும்பப் பிடிக்கலாம் என்று பேலியின் நிறுவனம் நினைத்தது. 1981 அக்டோபர் 12ஆம் தேதி ‘சி.பி.எஸ். கேபிள்’ என்ற கலைச் சேனல் தொடங்கியபோது பேலிக்கு எண்பது வயது முடிந்திருந்தது.

அந்தச் சேனல் அரைகுறையாக எதையும் செய்யவில்லை. கனடா நாட்டின் மதிப்புமிக்க ஒளிபரப்பாளர் பேட்ரிக் வாட்ஸனைத் தொகுத்து வழங்க அழைத்து வந்தார்கள். ஓடி முடிந்த படங்களையும் பழைய பதிவுகளையும் வாங்கி நிரப்பாமல், நிகழ்ச்சிகளில் பெரும்பகுதியைத் தாங்களே தயாரித்தார்கள். நடன அமைப்பாளர் ட்வைலா தார்ப்புக்கு ஒரு மணி நேரத்தை ஒப்படைத்தார்கள். டிவிக்காக நடனத்தை எப்படி அமைப்பது என்று அதற்கு முன்பே சில ஆண்டுகளாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தவர் அவர்.

அது ஏன் மண்டையை உடைக்கும் வேலை என்று சொல்லிவிடுகிறேன், பணக்கணக்கு அங்கிருந்துதான் கிளம்புகிறது. அன்றைய டிவி பெட்டி சிறியது, படம் கிட்டத்தட்டச் சதுரம். பத்து நடனக்காரர்களை அதில் முழுசாகக் காட்டினால் ஒவ்வொருவரும் விரல் நீளத்துக்குத் தெரிவார்கள். ஒருவரை மட்டும் நெருங்கிக் காட்டினால் மற்ற ஒன்பது பேர் என்ன செய்தார்கள் என்பது போய்விடும். முகத்துக்குத் தாவினால் கால் போய்விடும். ஹாலிவுட்டின் ஃபிரெட் அஸ்டேர் தன் ஆட்டத்தைத் தலை முதல் பாதம் வரை, கூடியவரை வெட்டாமல் எடுக்கவேண்டும் என்று பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் இதுதான். பரதம் பார்க்கிறவர்களுக்கு இது சொல்லாமலே புரியும்: பதத்துக்கு முகம் வேண்டும், தில்லானாவுக்குப் பாதம் வேண்டும், எந்த வினாடியில் எது என்பது ஆடுகிறவருக்குத் தெரியும், கேமராவை வைத்திருப்பவருக்குத் தெரியாது. ஆகவே நன்றாக எடுக்க வேண்டுமென்றால் பல கேமராக்கள், கேமராவோடு சேர்ந்த ஒத்திகைகள், நடனம் தெரிந்த எடிட்டர், வாத்தியக்காரர்களுக்குச் சங்கச் சம்பளம், இசைக்கு உரிமைத்தொகை என்று செலவு ஏறிக்கொண்டே போகும். இவ்வளவும் ஒரு மணி நேரத்துக்கு. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் நிரப்ப வேண்டும் என்று யோசியுங்கள்.

விளையாட்டுச் சேனலுக்கு இந்தத் தொல்லை இல்லை. மேட்ச் தானாக நடக்கும். கேமராவை அங்கே கொண்டுபோய் வைத்தால் போதும். செய்தியும் அப்படித்தான், உலகம் நிற்காமல் நடத்திக்கொண்டே இருக்கிறது. டிவிக்கான கலை நிகழ்ச்சியை யாராவது காசு போட்டு உண்டாக்கினால்தான் உண்டு.

சரி, செலவு அங்கே. வரவு எங்கிருந்து? சி.பி.எஸ். கேபிள் விளம்பரத்தை நம்பியது. விளம்பரம் தருகிறவர் முதலில் கேட்பது, எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பது. இங்கேதான் வழி அடைபட்டது. நீல்ஸன் நிறுவனம் அந்தக் காலத்தில் நாடு முழுவதற்குமாக ஆயிரத்துச் சொச்சம் வீடுகளில் மட்டுமே கருவி வைத்து டிவி பார்ப்பவர்களைக் கணக்கிட்டது. மூன்று பெரிய நிறுவனங்கள் நாட்டையே பங்கு போட்டிருந்தபோது அது போதும். நாட்டின் ஒரு பகுதி வீடுகளுக்கு மட்டும் போகிற சேனலை அந்த ஆயிரம் வீடுகளில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? ஒருவரோ இருவரோ, யாருமே இல்லாமலோ இருக்கலாம். பார்க்கிறவர்கள் இருந்தாலும் அவர்களை எண்ணிக் காட்ட முடியவில்லை. எண்ணிக் காட்ட முடியாத ரசிகரை விளம்பரக்காரரிடம் விற்க முடியாது.

இன்னொரு பக்கம் கேபிள்காரரின் கஷ்டம். பழைய கேபிள் அமைப்புகள் பலவற்றில் மொத்தமே 12 சேனல்தான் ஏறும். உள்ளூர் நிலையங்களுக்குக் கொடுத்தது போக மிஞ்சிய நாலைந்து இடங்களுக்குள் விளையாட்டு, செய்தி, சினிமா எல்லாம் முண்டியடித்தன. கலைச் சேனலைப் போட்டதால் புதிதாக எத்தனை வீடு இணைப்பு வாங்கும் என்று அவர் பார்ப்பார். அது நியாயமான கேள்விதான். அவரும் ஒயர் இழுத்த கடனை அடைக்க வேண்டும்.

அந்தக் கொஞ்சம் இடத்துக்கும் கலைச் சேனல்களே ஒன்றோடொன்று மோதின. பிராவோ 1980 டிசம்பரில் வந்துவிட்டது. ஏ.பி.சி. நிறுவனமும் ஹெர்ஸ்ட் குழுமமும் சேர்ந்து 1981 ஏப்ரலில் ‘ஆர்ட்ஸ்’ என்ற சேனலைத் தொடங்கின. குழந்தைகளுக்கான நிக்கலோடியன் ராத்திரி ஓய்ந்த பிறகு அதே தடத்தில் சில மணி நேரம் ஓடும். அடுத்த ஆண்டு ராக்ஃபெல்லர் சென்டரும் ஆர்.சி.ஏ.வும் சேர்ந்து, பி.பி.சி. நிகழ்ச்சிகளை நம்பி, ‘என்டர்டெயின்மென்ட் சேனல்’ என்று இன்னொன்று. இதெல்லாம் போதாதென்று, பொதுமக்கள் நன்கொடையிலும் அரசு உதவியிலும் ஓடும் பி.பி.எஸ். ஏற்கெனவே கச்சேரியும் நாடகமும் காற்றில் இலவசமாகக் காட்டிக்கொண்டிருந்தது.

சி.பி.எஸ். கேபிள் 1982 டிசம்பரில் நின்றது. பதினான்கு மாத வாழ்க்கை. சுமார் 3 கோடி டாலர் நஷ்டம். என்டர்டெயின்மென்ட் சேனலும் அடுத்த ஆண்டே மூடப்பட்டு, அதன் சரக்கு ‘ஆர்ட்ஸ்’ சேனலோடு கலந்தது. அப்படிக் கலந்து 1984 பிப்ரவரி 1இல் பிறந்ததுதான் ‘ஆர்ட்ஸ் அண்ட் என்டர்டெயின்மென்ட்’, பிற்பாடு ஏ அண்ட் ஈ என்று சுருங்கிய சேனல்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது, ஆனால் யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை. ‘கலை ரசிகர்’ என்று ஒரு கூட்டமே கிடையாது. கிரிக்கெட் பார்க்கிறவர் எந்த மேட்ச் ஓடினாலும் ஸ்கோர் என்ன என்றாவது நின்று பார்ப்பார். ஜாஸ் கேட்கிறவர் ஓப்பரா வந்தால் சேனலை மாற்றுகிறார். ஓவியத்தில் ஆழ்ந்தவருக்கு பாலே பொறுமையைச் சோதிக்கிறது. நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள்: விடிய விடியத் தெருக்கூத்துப் பார்க்கிறவரையும், பல்லவி கேட்கக் கடைசி வரிசையில் இடம் பிடிக்கிறவரையும், ஓவியக் கண்காட்சிக்குப் போய் வருகிறவரையும் ஒரே திண்ணையில் உட்கார வைக்க முடியுமா? ஒவ்வொரு கலைக்கும் உயிரைக் கொடுக்கிற கூட்டம் இருக்கிறது. எல்லாவற்றையும் கூட்டினால் பெரிய எண்ணிக்கை வரும். ஆனால் ஒரு குறிப்பிட்ட மணி நேரத்தில் பார்க்க வருவது அந்தப் பத்துக் கூட்டங்களில் ஒன்றுதான், மற்ற ஒன்பதும் அந்த நேரத்தில் வேறு சேனலில் இருக்கும். பேலியின் சேனலை வீழ்த்தியதில் இந்தக் கணக்குக்குப் பெரிய பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

பிழைத்தவை எப்படிப் பிழைத்தன என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பிராவோ விளம்பரமே இல்லாமல், தனிச்சந்தா வாங்கித் தொடங்கிய சேனல். ஆரம்பத்தில் வாரத்தில் இரண்டு ராத்திரிகள்தான் ஓடியது. தனிச்சந்தா கட்டும் வீடுகள் போதவில்லை என்றதும் வெளிநாட்டுப் படங்களையும் சுயாதீனப் படங்களையும் சேர்த்தார்கள். அதுவும் நல்ல காரியம்தான். பிறகு எல்லா வீடுகளுக்கும் போகும் அடிப்படைத் தொகுப்புக்குள் நுழைந்து, விளம்பரத்துக்கும் கதவைத் திறந்தார்கள். 1994இல் நடிகர்களை உட்கார வைத்து ஜேம்ஸ் லிப்டன் நிதானமாகப் பேட்டி கண்ட ‘இன்சைட் தி ஆக்டர்ஸ் ஸ்டூடியோ’ வந்தது. முதல் விருந்தினர் பால் நியூமன். நடிப்புக் கலையைப் பற்றி அவ்வளவு அக்கறையான நிகழ்ச்சி டிவியில் அபூர்வம். ஆனால் வண்டியின் திசை அதற்குள் சினிமா நட்சத்திரங்கள் பக்கம் திரும்பியிருந்தது. 2002இல் என்.பி.சி. அந்தச் சேனலை 125 கோடி டாலருக்கு வாங்கியது. அவ்வளவு கொடுத்து வாங்கியவர் அதைத் திரும்ப எடுக்க வேண்டாமா? அடுத்த ஆண்டு ஒப்பனை மாற்றும் ரியாலிட்டி நிகழ்ச்சி ஒன்று பிய்த்துக்கொண்டு ஓடியது. 2006இல் பணக்கார வீட்டுப் பெண்களின் வாழ்க்கையைப் பின்தொடரும் ‘ரியல் ஹவுஸ்வைவ்ஸ்’ வந்தது. இன்று பிராவோ என்றால் அமெரிக்காவில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது அதுதான்.

ஏ அண்ட் ஈ கதையும் வேறல்ல. ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலை 1995இல் பி.பி.சி. எடுத்தபோது கூட்டுத் தயாரிப்பாளராகப் பணம் போட்ட சேனல் அது. ஞாயிறு காலை கலைக்கென்று ஒதுக்கிய ஒரு நிகழ்ச்சியை நெடுங்காலம் விடாமல் வைத்திருந்தது. 2012இல் வாத்து வேட்டைக்கான ஊதிகளைச் செய்து விற்கும் குடும்பத்தைப் பற்றிய ரியாலிட்டித் தொடர் அங்கே ஆரம்பித்து, கேபிள் வரலாற்றின் பெரிய வெற்றிகளில் ஒன்றானது.

இதில் யாரும் ஒருநாள் உட்கார்ந்து ‘கலையைக் கைவிடுவோம்’ என்று தீர்மானம் போடவில்லை. ஒவ்வொரு அடியும் அந்த நேரத்தில் நியாயமாகத்தான் இருந்திருக்கும். எட்டு மணிக்கு பாலே போட்டால் இவ்வளவு பேர், படம் போட்டால் இரண்டு மடங்கு, ஆயிரம் பேருக்கு இவ்வளவு என்றுதான் விளம்பரத்துக்கு விலை, எனவே படம். படத்தைவிடப் பேட்டிக்குச் செலவு குறைவு, எனவே பேட்டி. பாலே பத்து மணிக்குப் போகும், அப்புறம் நள்ளிரவுக்கு, அப்புறம் ஞாயிறு விடியற்காலைக்கு. விளம்பரக்காரர் கலைக்கு விரோதி அல்ல. அவர் தலைகளை எண்ணிக் காசு கொடுக்கிறவர், அவ்வளவுதான். தலை எண்ணிக் காசு வாங்குகிற சேனல் தலைகள் இருக்கும் பக்கம் நகரும்.

சந்தாத் தொகையில் ஒரு பங்கு வாங்கிப் பிழைக்கலாமே என்றால், அதிலும் ஒரு சிக்கல். அமெரிக்காவில் கேபிள் தொகுப்பில் இருக்கும் பெரும்பாலான சேனல்களுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று கேபிள் நிறுவனம் மாதாமாதம் தருகிறது, அந்த வீட்டார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும். சிறிய சேனல்களுக்கு இது பெரிய தயவு. பார்க்காதவர்களும் சேர்ந்து சுமக்கிறார்கள். ஆனால் அந்தத் தயவு கேபிள் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. 1996இல் தொடங்கிய ஓவேஷன் என்ற கலைச் சேனலை, பார்ப்பவர்கள் மிகவும் குறைவு என்று சொல்லி, டைம் வார்னர் கேபிள் 2012 முடிவோடு நிறுத்திவிட்டது. லட்சக்கணக்கான வீடுகளில் ஒரே ராத்திரியில் அது காணாமல் போனது. ஓராண்டு கழித்துத் திரும்ப வந்தது என்பது வேறு விஷயம்.

இனி நான் சொல்ல ஆசைப்பட்டு வைத்திருந்த ஆளுக்கு வருகிறேன். லாயிட் ரிக்லர். டிவிக்காரர் இல்லை, மசாலாப் பொடிக்காரர். ஆட்டுக்கறி வேகாவிட்டால் நம் வீடுகளில் பப்பாளிக்காய்த் துண்டு ஒன்றைப் போடுவார்கள் அல்லவா? அந்தக் காயில் இருக்கும் பப்பெய்ன் என்ற நொதி கறியின் நாரைத் தளர்த்திவிடும். அந்த நொதியை வைத்து அடால்ஃப் என்ற சமையல்காரர் உண்டாக்கிய பொடியை ரிக்லரும் அவருடைய கூட்டாளி லாரன்ஸ் டாய்ச்சும் இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் கலிஃபோர்னியாவில் வாங்கி, ‘அடால்ஃப்ஸ்’ என்ற பெயரில் அமெரிக்கா முழுக்க விற்றார்கள். பெரிய செல்வம் சேர்ந்தது. எழுபதுகளில் கம்பெனியை விற்றுவிட்டு, ரிக்லர் ஓப்பராவுக்கும் இசை அரங்குகளுக்கும் கொடையளிப்பதில் இறங்கினார்.

வயதாக வயதாக ஒன்று அவரை உறுத்தியது. அரங்கில் நரைத்த தலைகளே தெரிகின்றன, இளையவர்கள் வருவதில்லை. ஊருக்கு ஊர் டிக்கெட் வாங்கிக் கொடுக்க முடியாது. ஆனால் எல்லா ஊரிலும் டிவி இருக்கிறது. 1994 மே மாதம், தன் அறக்கட்டளைப் பணத்தில், ‘கிளாசிக் ஆர்ட்ஸ் ஷோகேஸ்’ என்ற சேனலைச் செயற்கைக்கோளில் ஏற்றினார். விளம்பரம் கிடையாது. தொகுப்பாளர் கிடையாது. சந்தா கிடையாது, எந்தக் கேபிள்காரரும் எந்தக் கல்லூரியும் எந்த ஊராட்சியும் கேட்டால் சும்மா எடுத்துக்கொள்ளலாம். நிகழ்ச்சி அட்டவணைகூட வெளியிடுவதில்லை.

அது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். திரையில் கறுப்பு வெள்ளையில் ஹைஃபெட்ஸ் வயலின் வாசிக்கிறார். கீழே சிறு எழுத்தில் இயற்றியவர் யார், உருப்படி எது, வாசிப்பவர் யார் என்று வந்து மறைகிறது. சில நிமிடங்கள். முடிந்ததும் யாரும் வந்து எதுவும் பேசுவதில்லை; அடுத்து ஒரு பாலே ஜோடி. அது முடிந்தால் மரியா காலஸ் பாடுகிறார். பிறகு ஒரு தேவாலயத்தின் கட்டடக் கலை, ஒரு பழைய கார்ட்டூன், நூறாண்டுக்கு முந்தைய மௌனப் படத்தில் ஒரு காட்சி, ஒரு கித்தார்க்காரர். பாப் பாட்டுத் துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டி எம்.டி.வி. வெற்றி கண்டதே, அதே முறை. நான் முன்னே சொன்ன பத்துக் கூட்டங்களின் பிரச்சினைக்கு இதில் ஒரு விடை இருப்பதைக் கவனியுங்கள். ஓப்பரா பிடிக்காதவர் எழுந்து போவதற்குள் ஓப்பரா முடிந்து வேறொன்று வந்துவிடுகிறது. வந்தது பிடித்துப்போனால், காத்திருந்த சில நிமிடத்தில் கேட்ட ஓப்பராவும் காதில் கொஞ்சம் ஒட்டியிருக்கும்.

சேனலுக்கு இடம் கிடைத்த விதமும் அழகு. அமெரிக்க நகரங்கள், தெருவில் ஒயர் இழுக்க அனுமதி தரும்போது, பொதுமக்களுக்கும் கல்விக்கும் நகராட்சிக்கும் சில சேனல் இடங்களை ஒதுக்கித் தரும்படி கேபிள் நிறுவனங்களிடம் கேட்டு வாங்குவது வழக்கம். அந்த இடங்கள் நாளின் பெரும்பகுதி காலியாகக் கிடக்கும். நகர்மன்றக் கூட்டம் ஒளிபரப்பாகும், பள்ளி விழா வரும், பிறகு அறிவிப்புப் பலகைதான். அந்தக் காலி நேரத்தை ரிக்லரின் சேனலுக்குக் கொடுத்தார்கள். சாக்கடை வரி பற்றிய விவாதம் முடிந்து உறுப்பினர்கள் எழுந்துபோனதும், அதே சேனலில் நூரேயெவ் ஆடிக்கொண்டிருப்பார். காசு கொடுத்துச் சேனல் தேடாத வீடுகளுக்குள்ளும் பாலே அப்படித்தான் போய்ச் சேர்ந்தது.

துண்டுகளாகக் காட்டுவதில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. சிம்பொனியில் ஒரு பகுதியை மட்டும் கேட்பது, ராகம் தானம் பல்லவியில் தானத்தை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து வருவதற்குச் சமம். பெரிய உருப்படிகள் நேரத்தை எடுத்துக்கொண்டுதான் வேலை செய்கின்றன. அந்த நேரத்தைக் கொடுக்கப் பழகுவதே பாதி ரசனை. ஆனால் ரிக்லர் தன் சேனலை முடிவான இடமாக நினைக்கவில்லை. துண்டைப் பார்த்தவர் தன் ஊரில் நடக்கும் கச்சேரிக்கும் அருங்காட்சியகத்துக்கும் கிளம்ப வேண்டும் என்பதுதான் அவர் நோக்கம். முழு நிகழ்ச்சியைக் கொடுத்திருந்தால் ஒருவேளை எல்லோரும் சோபாவிலேயே இருந்திருப்பார்கள் என்றும் தோன்றுகிறது. அவர் 2003இல் காலமானார். சேனல் தொடர்ந்து ஓடியது. யாரிடமும் எதையும் விற்காததால் யாருடைய எண்ணிக்கையும் அதைத் தொடவில்லை.

நம் நாட்டில் கலைச் சேனலின் இடத்தைத் தூர்தர்ஷனின் டிடி பாரதி வைத்திருக்கிறது, 2002 ஜனவரி 26 முதல். கேபிள் சட்டத்தின் எட்டாம் பிரிவின்படி, அரசு அறிவிக்கும் தூர்தர்ஷன் சேனல்களைக் கேபிள்காரர் கட்டாயம் கொடுத்தாக வேண்டும். பேலிக்கும் ஓவேஷனுக்கும் கிடைக்காத பெரிய வரம் அது. ஆனால் இடம் கிடைத்தால் மட்டும் போதாது, நல்ல கேமராவும் ஒத்திகையும் எடிட்டரும் வேண்டும் என்று மேலே பார்த்தோம். அதற்கான பணம் சட்டப்பிரிவில் வருவதில்லை. அந்தச் சேனலின் உண்மையான சொத்து பழைய பதிவுகள். சென்னை நிலையம் 1975இல் தொடங்கிய நாளிலிருந்து தூர்தர்ஷன் எடுத்துவைத்த கச்சேரிகளுக்கும் நடனங்களுக்கும் ஈடாக எந்தத் தனியார் நிறுவனமும் இனிமேல் எடுக்க முடியாது. பாடியவர்களில் பலர் இன்று இல்லை. மறுபக்கம் தனியார் சேனல்களில் கலை வருவது சீசனுக்குத்தான். ஜெயா டிவியின் மார்கழி மகோற்சவம் அப்படிப்பட்டது. அந்த மாதத்தில் ஊரே கச்சேரி மயமாக இருக்கும், விளம்பரக்காரருக்கும் அது தெரியும். தை பிறந்தால் கணக்கு மாறிவிடும்.

இன்னொரு வழியும் உண்டு. அது ஐரோப்பாவில் இருக்கிறது. ஆர்ட்டே என்ற சேனலை உண்டாக்கியது வியாபாரம் அல்ல, ஓர் ஒப்பந்தம். கிழக்கும் மேற்கும் சேர்ந்து ஜெர்மனி ஒன்றாவதற்கு முந்தின நாள், 1990 அக்டோபர் 2ஆம் தேதி, பிரான்ஸும் ஜெர்மானிய மாநிலங்களும் அதில் கையெழுத்திட்டன. ஒரு நூற்றாண்டுக்குள் மூன்று முறை போரிட்ட இரண்டு நாட்டு மக்கள் ஒரே நிகழ்ச்சியை, அவரவர் மொழியில், ஒரே ராத்திரியில் பார்க்கட்டும் என்பது எண்ணம். அலுவலகம் வைத்த ஊர் ஸ்ட்ராஸ்பூர்க். அந்தப் போர்களில் இரு நாட்டுக்கும் மாறி மாறிக் கைமாறிய ஊர். 1992 மே 30இல் ஒளிபரப்புத் தொடங்கியது. டிவி வைத்திருக்கும் வீடுகள் கட்டும் உரிமக் கட்டணத்திலிருந்து இரண்டு நாடும் பங்கு தந்தன. வருமானத்தில் ஏறக்குறைய முழுவதும் அதுதான். ஆர்ட்டே துண்டு போட வேண்டியதில்லை. ஓர் ஓப்பராவை முழுசாக, ஒரு பொருளுக்கென்று ஒரு ராத்திரி முழுசாக என்று கொடுத்துப் பெயர் வாங்கியது. பத்துக் கூட்டத்தில் ஒரு கூட்டம்தான் இன்று வரும் என்று தெரிந்தே செய்ய முடிந்தது. பணம் கொடுத்த வீடுகள் தலை எண்ணிக் கொடுக்கவில்லை.

அந்தப் பணம் வரும் வழி இப்போது பாதி மாறியிருக்கிறது. ஜெர்மனியில் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ என்ற பொதுக்கட்டணம், டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும், 2021இலிருந்து வசூலாகி வந்தது. அதில் ஒரு சிறு பங்கு ஆர்ட்டேவுக்கு. பிரான்ஸ் 138 யூரோ ஆண்டுக் கட்டணத்தை 2022இல் எடுத்துவிட்டது. வீட்டுக்காரருக்கு மிச்சம்தான். அதற்குப் பதிலாக, கடையில் பொருள் வாங்கும்போது கட்டும் மதிப்புக்கூட்டு வரியிலிருந்து ஒரு பகுதி பொது ஒளிபரப்புக்குத் தரப்படுகிறது. எவ்வளவு என்பதை ஆண்டுதோறும் பட்ஜெட்டில் நாடாளுமன்றம் முடிவு செய்யும். ஓர் ஓப்பரா அரங்கோ, அடுத்த சீசனுக்கும் அதற்கடுத்த சீசனுக்கும் பாடகர்களை இப்போதே பேசி முடித்துவிடுகிறது. அதை ஒளிபரப்ப நினைக்கும் சேனலும் அப்போதே கையெழுத்துப் போட்டாக வேண்டும்.